மாமனாருக்குப் போட்ட முடிவிலி

என் வேலை என்னவென்று மாமனாருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. யாராவது கேட்டால், மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் ஏதோ பண்ணுகிறார் என்பார். அந்த 'ஏதோ' கல்யாணமான நாளிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காலையில் எழுந்தவர், இடது கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்பாகத் திரை மாதிரி இறங்குகிறது என்றார். என் மனைவி வெலவெலத்துப் போனாள். தெரிந்த டாக்டரிடம் போனில் கேட்டோம். விழித்திரை விலகியிருக்கலாம், உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்றார். அங்கிருக்கும் கண் டாக்டரோ மதியமானால் ஆபரேஷனுக்குள் போய்விடுவார்.

எனக்கு உள்ளூரக் கொஞ்சம் குஷியாக இருந்தது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். அந்த ஆஸ்பத்திரியில் யார் முதலில் உள்ளே போவது என்று முடிவுசெய்யும் புரோகிராமை எழுதியவன் நான்தான். கவலைப்படாதே, போய் உட்கார்ந்ததும் கூப்பிடுவார்கள் என்று மனைவியிடம் மார்தட்டிவிட்டு அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முறை எளிது. வருகிறவரைப் பார்த்து, அவசரத்துக்குத் தக்கபடி ஒன்றிலிருந்து பத்துவரை நர்ஸ் ஓர் எண் போடுவார். அதைக் காத்திருந்த நிமிடங்களால் பெருக்கினால் மதிப்பெண். பிறகு நிமிடத்துக்கு நிமிடம் நர்ஸ் போட்ட எண் பழைய மதிப்பெண்ணோடு கூடிக்கொண்டே போகும். யாருக்கு அதிகமோ அவர் உள்ளே போகலாம். பத்து போட்டால் மட்டும் நர்ஸ் மேஜையில் சிவப்பு விளக்கு எரியும், அவரே எழுந்துவந்து கூட்டிப்போவார்.

ஆனால் பத்து என்பது ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் போடுகிற எண். பெண்ணைக் கொடுத்தவருக்கும் அதையே போட்டால் நான் என்ன மாப்பிள்ளை? கம்ப்யூட்டரில் தசம எண்களோடு முடிவிலிக்கும் ஓர் இடம் உண்டு. எந்த எண்ணோடு மோதினாலும் அதுதான் பெரியது. வாசலிலேயே லேப்டாப்பைத் திறந்து மாமனாரை நானே பதிந்து, அவசரம் என்ற கட்டத்தில் முடிவிலியைப் போட்டேன். நர்ஸிடம் போக வேண்டாம் மாமா, எல்லாம் ஆயிற்று என்று கெத்தாக உட்காரவைத்தேன்.

கண் அரிப்போடு வந்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடியின் கம்பி உடைந்துபோய் வந்தவரையும் கூப்பிட்டார்கள். எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமனார் ஒற்றைக் கண்ணால், பெயர்கள் வரும் சுவர்த் திரையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்.

மறுபடி லேப்டாப்பைத் திறந்தேன். அவர் பெயருக்கு நேரே மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் 'எண் அல்ல' என்றிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதிந்த கணத்தில் அவர் காத்திருந்த நிமிடம் பூஜ்யம். முடிவிலியைப் பூஜ்யத்தால் பெருக்கினால் எது ஜெயிக்கும் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இது எண்ணே இல்லை என்று கைகழுவிவிடும். அதன்பிறகு எதைக் கூட்டினாலும் அது அப்படியேதான் இருக்கும். இவர் மதிப்பெண் அவருடையதைவிடப் பெரியதா என்று யாரோடு ஒப்பிட்டாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாலும் மாமனாரைக் கூப்பிட வழியே இல்லை.

அவசரமாக முடிவிலியை அழித்தேன். பத்து போட்டால் சிவப்பு விளக்கு எரிந்து நர்ஸிடம் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஐந்து போட்டேன், எட்டு போட்டேன். பழைய மதிப்பெண்ணோடு கூட்டித்தானே புதியது வரும்? அதே 'எண் அல்ல'. இந்த அழகான கணக்கும் என் கைவண்ணம்தான்.

"மாப்பிள்ளை, கறுப்பு பாதிக் கண்ணுக்கு வந்துடுச்சு" என்றார் மெதுவாக.

கெத்தாவது ஒன்றாவது. எழுந்து நர்ஸிடம் ஓடினேன். என் சாமர்த்தியம் முழுவதையும் ஒப்பித்தேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"கண்ணு மறைக்குதுன்னு வந்தவுடனே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றபடி மாமனாரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். ஆபரேஷனுக்காகப் பச்சை உடை மாட்டிக்கொண்டிருந்த டாக்டர், அன்றைய வரிசையில் மாமனாரையே முதலில் எடுத்துக்கொண்டார். விழித்திரையின் நடுப்பகுதி விலகியிருக்கவில்லை, பார்வை தப்பிக்கும் என்று அவர் வெளியே வந்து சொன்னபோது நான் சுவரோரமாக உட்கார்ந்து அழுதேன்.

மாலையில் கண்ணில் கட்டோடு படுத்திருந்தவர், அங்கே என்னதான் நடந்தது என்று கேட்டார். பத்து, முடிவிலி, பூஜ்யம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலையைப் பற்றி முதல்முறையாக முழுவதும் கேட்டார்.

"எல்லாரையும்விட நான் பெருசா இருக்கணும்னா போட்டீங்க?"

"ஆமா மாமா."

கட்டில் விளிம்பைத் தடவித் தடவி என் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த தடவை பத்து போடுங்க மாப்பிள்ளை. எனக்கு அது போதும்."