அஃப்ரா பாதியில் விட்ட காலுறை

அஃப்ரா இறந்தபோது ஒரு காலுறைதான் முடிந்திருந்தது. மற்றது கெண்டைக்கால் பாதியில், ஊசிகளோடு அப்படியே கிடந்தது. குதிரைகளின் காவலரான புனித லியோன்ஹார்டின் திருநாள் ஊர்வலத்தில் அந்த ஜோடியைப் போட்டுக்கொண்டுதான் குதிரை வண்டி ஓட்டுவது என்று அவள் கணவன் குவிரின் உறுதியாக இருந்தான். கொழுந்தியாள் வால்புர்காவிடம் பின்னல் கற்க உட்கார்ந்தான்.

"ஒவ்வொரு கண்ணியையும் பின்பக்கமாக் குத்தி முறுக்கணும் அத்தான். அப்பத்தான் கயிறு மாதிரி எழும்பி நிக்கும்."

"முறுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"கண்ணியோட கழுத்தை நெரிக்கிறீங்க! குதிரைக்குக் கடிவாளமா கட்டுறீங்க?"

மூன்று வாரத்தில் நான்கு விரற்கடை வளர்ந்தது. போட்டுப் பார்த்தான். அஃப்ரா பின்னிய பகுதியில் வழுக்கிக்கொண்டு போன கால், அவன் பின்னிய இடத்தில் மாட்டிக்கொண்டது.

"நானே முடிச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம். அவ கையும் என் கையும் மட்டும் இருக்கட்டும்."

"அப்ப உங்களோடதைப் பிரிங்க. அக்கா வரிசை வந்ததும் நிறுத்திடுங்க."

முறுக்கிய கண்ணி லேசில் அவிழவில்லை. ஒவ்வொன்றையும் வெடுக்கென்று இழுக்க வேண்டியிருந்தது. பிறகு நூல் தடையில்லாமல் சரசரவென்று வந்தது. கை பழகிவிட்டது என்று நினைத்து இன்னும் வேகமாக இழுத்தான்.

வால்புர்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "அத்தான், அது அக்காவோடது."

மூன்று வரிசை போயிருந்தது. சுருண்ட நூல் அவன் மடியில் கிடந்தது.

"அழாதீங்க. அக்கா முடிச்ச காலுறையைப் பாத்து அதே மாதிரி பின்னிடலாம்."

"பின்னலாம்," என்றான் குவிரின். "அவ வரிசையை யார் பின்னுறது?"

இன்னொரு கண்ணி நழுவிவிடுமோ என்று அவன் காலுறையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தான்.