ரிங்கிட்டியிலிருந்து பிந்தி வந்த காற்று

ஒடோங்கோவின் குரல்செய்தி வந்தபோது அபியோ ஏரிக்கரை நகரமான கிசுமுவில், அலுவலகத்தின் மாடியில், ஆடை படிந்துபோன தேநீரைத் தொடாமல், திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரட்டையரில் அவள் முதலில் பிறந்தவள், அவன் பின்னாலேயே வந்தவன். லுவோ வழக்கப்படி அவர்கள் பெயர்களிலேயே அந்த வரிசை இருந்தது. அவள் படித்து நகரத்துக்கு வந்துவிட்டாள். அவன் ருசிங்கா தீவில் அப்பாவின் படகை ஓட்டினான். செய்தியைத் திறந்தாள். கரையின் இரைச்சலும் ஆண்களின் சிரிப்பும் கேட்டன. அவனோடு படகில் போகும் ஒகும்பாவின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது.

"உன் காத்து இன்னைக்கும் வந்துச்சுடி. எல்லாரும் படகைக் கரையேத்திட்டு உக்காந்திருக்கோம். ஒரு இலை ஆடல. உங்க ஆபீஸ்ல ஃபேன் போட்டதைப் புயல்னு நெனச்சுட்டியா?"

அபியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு முறை கேட்டாள். அப்புறம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

ஏரிக்கரையிலும் தீவுகளிலும் அவர்கள் நிறுவனம் காற்றை அளக்கும் கம்பங்களை நட்டிருந்தது. கம்பங்கள் அனுப்பும் அளவுகளெல்லாம் தேடுவதற்கென்றே அமைந்த ஒரு தரவுத்தளத்தில் போய்ச் சேரும். மீன்வளத் துறைக்காரர்கள் ஒரு தீவின் பெயரைத் தட்டினால் போதும், அங்கே அடித்த காற்றெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் கேட்டவனுக்குத்தான் அது சொல்லும். நடு ஏரியில் வலையோடு இருப்பவன் அதனிடம் போய் என்ன கேட்பான்? அதனால் ஒரு பைப்லைன், தானாக ஓடும் ஒரு நிரல், தேவைப்பட்டது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தரவுத்தளத்திடம் புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்டு, பலத்த காற்று இருந்தால் மீனவர்களின் கைப்பேசிகளுக்கு லுவோ மொழியில் எச்சரிக்கை அனுப்புவது அதன் வேலை. அதை அமைக்கும் பொறுப்பை அபியோ தானாகவே கேட்டு வாங்கியிருந்தாள். ஊரில் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருந்தாள்.

ஆரம்பத்திலிருந்தே அது அவளைப் படுத்தியது. மின்சாரம் போய்த் திரும்பினால், எதுவரை படித்தோம் என்பதை மறந்துவிட்டு முதலிலிருந்து படித்தது. போன மாதம் அடித்து ஓய்ந்த காற்றுக்கெல்லாம் எச்சரிக்கை பறந்தது. படித்து முடித்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளும்படி அதைச் சரிசெய்தாள். அப்புறம் வேறொரு தொல்லை. தொலைவிலிருக்கும் தீவுகளில் சிக்னல் அடிக்கடி செத்துவிடும். உயிர் வந்ததும் கம்பம் சேர்த்துவைத்திருந்த அளவுகளையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டும். பைப்லைன் வந்து சேரும் வரிசையில் படித்ததால், நேற்றைய காற்றும் அதற்குப் புதுக் காற்றுதான். ருசிங்காக்காரர்கள் சிரித்தது இந்தக் காற்றுக்குத்தான். சிரித்ததோடு விடாமல், பலர் 'நிறுத்து' என்று பதில் அனுப்பி எச்சரிக்கையே வேண்டாம் என்று விலகிக்கொண்டிருந்தார்கள்.

அவள் திரையில் பார்த்துக்கொண்டிருந்த நிரல் வரி இதைப் பற்றியதுதான். பைப்லைன் எந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக வேண்டும் என்பதை அந்த வரி சொன்னது. வந்து சேர்ந்த நேரம் என்றிருப்பதை அளந்த நேரம் என்று மாற்றினால் போதும். கடைசியாகப் படித்த அளவுக்குப் பிறகு அளந்ததை மட்டும் கேட்கும், பழைய காற்று எட்டிக்கூடப் பார்க்காது. ஆனால் கரையோரக் கம்பங்கள் உடனுக்குடன் பேசுகிறவை. அவற்றைப் படித்துப் படித்து அது முன்னால் போய்க்கொண்டே இருக்கும். ஒரு தீவின் அளவு கொஞ்சம் பிந்தி வந்தால் அதற்குள் அதைத் தாண்டியிருக்கும். தாண்டியதைத் திரும்பிப் பார்க்காது. இது அபியோவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. சரியான வழியும் தெரிந்திருந்தது: வந்து சேரும் வரிசையிலேயே படித்து, ரொம்பப் பழையதை மட்டும் கழித்துவிட வேண்டும். அதை எழுதி, ஒவ்வொரு கம்பத்துக்கும் சோதித்துப் பார்க்க நாளாகும். வெள்ளிக்கிழமை நிதி தருகிறவர்கள் பார்வையிட வருகிறார்கள். கவிழ்த்து வைத்த கைப்பேசிக்குள் அந்தச் சிரிப்பு இருந்தது. அவள் வார்த்தையை மாற்றினாள்.

மேலாளர் முத்தோனி அந்தப் பக்கம் வந்தபோது, இனிமேல் பழைய காற்று வராதே என்று கேட்டாள். வராது என்றாள் அபியோ. கேட்ட கேள்விக்கு அது உண்மையான பதில்தான்.

பழைய காற்று வரவில்லை. அடுத்தடுத்து இரண்டு சாயங்காலங்களில் எச்சரிக்கை போனது, சொன்னபடி காற்றும் அடித்தது. விலகியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பச் சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள், சமோசா சாப்பிட்டார்கள், முத்தோனியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மெஷினுக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று ஒடோங்கோவும் செய்தி அனுப்பினான். அபியோவுக்கு மட்டும் எதிலும் மனம் ஒட்டவில்லை. சோறு வாங்கப் போனால் பாதி வழியில் திரும்பி வந்தாள். சர்ச்சில் உட்கார்ந்து பாட்டுக்கு நடுவே கைப்பேசியில் தேடல் பக்கத்தைத் திறந்து தீவுகளின் பெயரைத் தட்டினாள். வலிக்கும் பல்லை நாக்கு தேடிப் போவதுபோல விரல் ரிங்கிட்டிக்கே போனது. மேற்கே, ஏரிக்குள் வெகுதூரம் தள்ளி இருக்கும் தீவு அது. ருசிங்காவுக்கு வரும் காற்று முதலில் அங்கேதான் அடிக்கும். அதன் அளவுகள் பிந்திப் பிந்தி வந்துகொண்டிருந்தன. பைப்லைன் அவற்றைத் தாண்டிப் போயிருந்தது. எல்லாமே சின்னக் காற்று. துணியைக்கூடக் கொடியிலிருந்து பறிக்காத காற்று.

திங்கட்கிழமை வந்ததும் அவள் சரியான வழியை எழுத உட்கார்ந்தாள். மதியத்துக்குமேல், எழுதியது சரிதானா என்று பார்ப்பதற்காகத் தேடல் பக்கத்தில் ரிங்கிட்டி என்று தட்டினாள். மேலே வந்து நின்ற எண்ணை முதலில் அவள் பிழை என்று நினைத்தாள். அடுத்ததும் அப்படியே இருந்தது. அதற்கடுத்தது இன்னும் பெரிதாக இருந்தது. அவள் கேன்டீனில் உகாலிக் களியைப் பிசைந்துகொண்டிருந்தபோது அளந்த காற்று. இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. பைப்லைனைப் பார்த்தாள். அது கரையோரக் கம்பங்களின் அமைதியான அளவுகளைப் படித்தபடி எங்கேயோ முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒருவருக்கும் எச்சரிக்கை போகவில்லை.

ஒடோங்கோவின் கைப்பேசி தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. அவன் மனைவி அவினோவின் எண்ணுக்கு அழைத்தாள். அவினோ எடுத்தாள்.

"அவரு கிளம்பி ரொம்ப நேரமாச்சு அண்ணி. ஒகும்பாவும் கூடப் போயிருக்காரு."

மேற்கே வானம் எப்படியிருக்கிறது என்று அபியோ கேட்டாள். அவினோ வெளியே போய்ப் பார்ப்பது கேட்டது. தகரக் கதவின் சத்தம், கோழிகள்.

"கறுத்துக்கிட்டுதான் இருக்கு. காலையிலயே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா உங்க மெசேஜ் வரலியே அண்ணி. வரலேன்னா பயமில்லன்னுதானே போனாங்க."

அபியோ எழுந்து முத்தோனியின் அறைக்குப் போனாள். கையால் அனுப்பும் எச்சரிக்கைக்கு முத்தோனியின் அனுமதி வேண்டும். அபியோ மடிக்கணினியை அவள் முன்னால் வைத்து ரிங்கிட்டி என்று மட்டும் சொன்னாள். முத்தோனி எண்களைப் பார்த்தாள், நேரத்தைப் பார்த்தாள், அபியோவின் முகத்தைப் பார்த்தாள். அனுப்பச் சொன்னாள்.

அந்த எச்சரிக்கையைப் பார்த்துத் திரும்பிய படகுகள் நிறைய. அவினோ மற்றப் பெண்களோடு கரைக்கு ஓடி, கிளம்பத் தயாராக இருந்த படகுகளைத் தடுத்தாள் என்று பின்னால் தெரிந்தது. சிக்னல் எட்டாத தூரத்துக்குப் போய்விட்ட படகுகளும் இருந்தன. காற்று சூரியன் மறையும் முன்பே ருசிங்காவுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையைப் பிய்த்து வாழைத் தோப்பில் போட்டது. அபியோ நாற்காலியில் உட்காரவும் முடியாமல் வீட்டுக்குப் போகவும் முடியாமல் அலுவலகத்தின் நடையில் இருந்தபடியே விடிய விடியக் கழித்தாள். தம்பியின் எண்ணை அழுத்துவதும், எல்லைக்கு வெளியே என்று சொல்லும் பதிவுசெய்த பெண்குரல் பேசத் தொடங்கியதும் வெட்டுவதுமாக இருந்தாள்.

காலையில் தகவல் வந்தது. ஒடோங்கோ தக்காவிரி தீவின் பாறையில் ஒதுங்கியிருந்தான், உயிரோடு இருந்தான். படகு இல்லை. மறுநாள் ஒகும்பா கிடைத்தான், ம்ஃபங்கானோ பக்கம், நாணலுக்குள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அபியோ பாதியில் விட்ட அந்த வேலையை முடித்து ஓடவிட்டாள். சோதித்துப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு சீக்கிரத்தில் முடிகிற வேலைதானா இது என்று, தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் இன்னொரு முறை பார்த்தாள். தீவில் சிக்னல் கோளாறு என்று அறிக்கையில் எழுதப்போவதாக முத்தோனி சொன்னாள். "அது பொய் இல்ல அபியோ" என்றாள், குரலைத் தாழ்த்தி. பொய் இல்லைதான். அபியோ பையை எடுத்துக்கொண்டு மட்டாட்டு வேன் பிடித்து, லுவாண்டா கொட்டியெனோவில் இறங்கிப் படகுத்துறைக்கு நடந்தாள்.

ஒடோங்கோ சமையல்கட்டில் போர்வைக்குள் இருந்தான். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து போயிருந்ததால் அவினோதான் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தாள். அபியோவைக் கண்டதும் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போனாள். அவன் முகத்தில் சின்ன வயதில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது பார்த்த அதே வெளிறல் இருந்தது.

"அந்தக் கம்பத்துக்குத் தெரிஞ்சிருந்துச்சா?" என்று அவன்தான் ஆரம்பித்தான்.

"தெரிஞ்சிருந்துச்சு. எங்ககிட்டயும் வந்து சேந்துச்சு. பிந்தி வந்துச்சு. அதுக்குள்ள பைப்லைன் அதைத் தாண்டிப் போயிருச்சு."

"அதுவா தாண்டிச்சா, நீ தாண்டச் சொன்னியா?"

"நான்தான். பழைய காத்து வரக்கூடாதுன்னு அப்படி வச்சேன்."

அவன் கையை விரித்து, சதை தெரிந்த இடத்தைப் பார்த்தபடி இருந்தான். "நாங்க சிரிச்சோமே. அதனாலயா?"

இல்லை என்று சொல்லிவிட அவளுக்கு ஆசையாக இருந்தது. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் மேல் போடலாம், சிக்னல் மேல் போடலாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

"பாதி அதனாலதான்" என்றாள்.

ஒடோங்கோ தலையை ஆட்டினான், எதிர்பார்த்ததைக் கேட்டதுபோல. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அன்னைக்கு வானத்தைப் பாத்துட்டு ஒகும்பா வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் போனை எடுத்துக் காட்டினேன். பாரு, எங்க அக்கா ஒண்ணும் சொல்லலன்னு."

அவன் அவளை அக்கா என்று அழைத்ததே இல்லை, கேலிக்குக்கூட அழைத்ததில்லை. அவளில்லாத இடத்தில், வேறொருவனிடம் சொல்லியிருக்கிறான். அபியோ தரையில் உட்கார்ந்தாள். கிண்ணத்தை எடுத்து ஒரு கரண்டி கஞ்சியை அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் குடித்தான். இன்னொன்றும் குடித்தான்.

"மில்காகிட்ட நான் இதைச் சொல்லல" என்றான். மில்கா ஒகும்பாவின் மனைவி. "படகு கவிழ்ந்துச்சுன்னு மட்டும்தான் சொன்னேன். நீ சொல்லப்போறியா?"

தெரியவில்லை என்றாள் அபியோ. சொன்னால் யாருடைய பாரம் யாருக்குப் போகும் என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் பங்கை மட்டும் சொல்லி அவன் பங்கை மறைக்க வழியிருக்கிறதா என்று யோசித்தாள். கம்பத்தையும் தரவுத்தளத்தையும் அளந்த நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒரு விதவையிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? கிண்ணம் காலியானதும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள்.

ஒகும்பாவின் வீடு மேட்டில் இருந்தது. முற்றத்தில் பெரிய கட்டைகளைப் போட்டுத் துக்கத்தீ எரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் அதைச் சுற்றிப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூடாரம் கட்ட வந்தவர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேலியருகே அபியோ நின்றாள். ஒருவர் அவளை அடையாளம் கண்டு, கிசுமுவிலிருந்து எச்சரிக்கை அனுப்புகிற பெண் இவள்தான் என்று பக்கத்திலிருந்தவரிடம் மரியாதையோடு சொன்னார். அவர்கள் எச்சரிக்கையைப் பார்த்துக் கரை திரும்பியவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் எழுந்து இரண்டு கைகளாலும் அவள் கையைப் பற்றினார். அவள் கையை விடுவித்துக்கொள்ளவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் நின்றாள்.

வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. பெண்கள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மில்கா, தலையை மழித்து, சட்டைக்கு மேல் ஒகும்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் வெளிச்சம் மறைந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். யார் என்று தெரிய ஒரு கணம் ஆனது. பிறகு பக்கத்திலிருந்தவளை முழங்கையால் மெல்ல ஒதுக்கிவிட்டு, தானும் பாயில் கொஞ்சம் நகர்ந்து, காலியான இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டாள்.