எல்லாத் தளமும் மூன்றாம் தளம்

மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு. எங்கள் அடுக்ககத்தில் மகேசன் மூன்றாம் தளத்தில், லிஃப்டுக்கு வலப்பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார். பெயர் அருமைநாயகம்.

குடியிருப்போர் சங்கத் தேர்தலில் தளத்துக்கு ஒருவராக ஐந்து பேர் நின்றோம். அருமைநாயகம் பதினோரு ஓட்டு வாங்கி வென்றார். விதிப்படி, மறுநாள் காலையிலிருந்து எல்லாத் தளங்களும் மூன்றாம் தளம் ஆயின.

இதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. விதி என்றால் விதி. ஆனால் நான் மருந்துக்கடைக்குப் போய் இன்ஹேலர் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தேன். என் வீடு ஐந்தாம் தளத்தில் இருந்தது. மகளுக்கு இழுப்பு வந்திருந்தது.

லிஃப்டில் எல்லாப் பொத்தானிலும் மூன்று என்றே இருந்தது. படியில் ஏறினேன். மூன்றாம் தளம் வந்தது. மேலும் ஏறினேன். மூன்றாம் தளம் வந்தது. வலப்பக்கக் கதவைத் தட்டினேன். அருமைநாயகம் திறந்தார். தலையெல்லாம் சோப்பு நுரை. இடுப்பில் துண்டு. தோளில் வெற்றிக்குப் போர்த்திய பொன்னாடை.

"சார், நான் அஞ்சாவது மாடிக்குப் போகணும்."

"இதான் அஞ்சாவது மாடி."

"மூணுன்னு போட்டிருக்கு."

"அது மக்கள் போட்டது."

"நான் உங்களுக்குப் போடலியே சார்."

"போட்டவங்க, போடாதவங்க எல்லாருக்கும் நான்தான். உங்க வீட்டையும் நான் என் வீடாத்தான் பாக்கறேன்."

கதவைச் சாத்தினார். இன்னொரு மாடி ஏறித் தட்டினேன். அவரே திறந்தார். நுரை கொஞ்சம் காய்ந்திருந்தது.

கைபேசி அடித்தது. என் மனைவி தமயந்தி.

"எங்க இருக்கீங்க?"

"மூணாவது மாடி."

"அப்பவும் மூணாவது மாடின்னுதானே சொன்னீங்க?"

"ஏறிட்டுத்தான் இருக்கேன்."

"சீக்கிரம் வாங்க. பாப்பாவால பேச முடியல."

பின்னணியில் மெல்லிய விசில் கேட்டது. அது என் மகளின் மூச்சு. நான் ஓடினேன். நடைவழி நீண்டது. அதன் முடிவில் மூன்றாம் தளம் இருந்தது.

அங்கே படியில் ஜெபகனி டீச்சர் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தளத்துக்காக நின்று தோற்றவர். பையில் கறிவேப்பிலை வாடியிருந்தது. பக்கத்தில் மொய்தீன் பாய். முதல் தளத்துக்காக நின்றவர்.

"ஏறாதீங்க தம்பி. பிரயோஜனமில்ல," என்றார் டீச்சர்.

"இறங்கிப் பாக்கலாமே டீச்சர்?"

"எறங்கினேன். கீழயும் மூணுதான்."

"ஜெயிச்சவருக்குப் பதினொண்ணு. தோத்த நமக்கெல்லாம் எத்தன விழுந்துச்சு?" என்று கேட்டார் பாய்.

யாருக்கும் தெரியவில்லை. முடிவு அறிவித்தபோது வென்றவரின் எண்ணிக்கையை மட்டும் படித்தார்கள். மற்றதற்கு 'மீதி' என்று படித்தார்கள். எனக்கு நிறைய விழுந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். நினைத்ததை வெளியே சொல்லவும் செய்தேன்.

"மொத்தம் நாப்பது ஓட்டு. அப்ப மீதி இருபத்தொம்பது," என்றார் டீச்சர். அவர் கணக்கு டீச்சர். "மீதிதான் பெருசா இருக்கு."

"நாப்பது பேர் சேந்து ஒரு அண்டா பிரியாணி ஆக்குறோம்," என்றார் பாய். "பதினோரு பேர் தின்னுட்டு, மத்தவன் வயிறும் நெறஞ்சுதுன்னு ஏப்பம் விட்டா எப்படிம்மா?"

அப்போது எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. எல்லாவற்றிலிருந்தும் அருமைநாயகம் வெளியே வந்தார். கண்ணில் சோப்பு. "தண்ணி நின்னுபோச்சு," என்றார்.

டீச்சர் யோசித்தார். "டேங்க் எங்க சார் இருக்கு?"

"மொட்ட மாடியில."

"மொட்ட மாடி இப்ப எத்தனாவது மாடி?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். மூன்றாம் தளத்திலிருந்து மூன்றாம் தளத்துக்குத் தண்ணீர் இறங்காது.

"படியப் பிரிச்சுக் குடுத்துடுங்க சார்," என்றார் டீச்சர். "ஓட்டுக்கு ஒரு படி. அவங்கவங்க ஓட்டுக்குத் தக்கன அவங்கவங்க மாடி."

"பிரிச்சுக் குடுத்தா தெனமும் சண்ட வரும். உறுதியான மாடி வேணாமா நமக்கு?"

"உறுதியாத்தான் இருக்கு. நகரவே மாட்டேங்குதே," என்றார் பாய்.

கைபேசி மறுபடி அடித்தது. எடுத்தேன். விசில் மட்டும் கேட்டது. நான் கைபேசியை அருமைநாயகத்தின் காதில் வைத்தேன். நுரை ஒட்டிக்கொண்டது.

"யாரு இது?"

"மீதி, சார்," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். நுரை அவர் இமைக்குள் இறங்கியது. விசிலா, சோப்பா, எது காரணம் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் போய் ஓட்டுப் போட்ட பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

டீச்சர் சீட்டுகளைப் பிரித்துப் படியில் அடுக்கினார். முதல் தளத்துக்கு எட்டு. பாய், "எட்டு போதும், முட்டிக்கு நல்லது," என்றார். இரண்டாம் தளத்துக்குப் பத்து. மூன்றாம் தளத்துக்குப் பதினொன்று. அருமைநாயகம் தன்னுடையதை மட்டும் இரண்டு முறை எண்ணச் சொன்னார். நான்காம் தளத்துக்குப் பத்து.

டீச்சர் டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"அஞ்சாவது மாடிக்கு ஒண்ணு."

"இன்னொரு தடவ பாருங்க டீச்சர்."

அவர் டின்னைக் கவிழ்த்தார். பிஸ்கட் தூள் விழுந்தது.

"ஒண்ணுதான் தம்பி."

"ஒண்ணுக்கு எதுக்குப் படி?" என்றார் அருமைநாயகம். "அத நான் பாத்துக்கறேன்."

"ஒண்ணுன்னா ஒரு படி," என்றார் டீச்சர். அவர் குரல் வகுப்பறைக் குரலாக மாறியது. அருமைநாயகம் கையைக் கட்டிக்கொண்டார்.

சுவர்களுக்குள் குழாய்கள் இருமின. தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அருமைநாயகம் எல்லா வீடுகளிலிருந்தும் ஓடி ஒரே வீட்டுக்குள் போனார். பொன்னாடை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது.

நான் ஏறினேன். முதல் தளம் வந்தது. இரண்டாம் தளம் வந்தது. மூன்றாம் தளத்துக்குப் பதினோரு படிகள் இருந்தன, அவற்றையும் ஏறினேன். அவை அவருக்கு விழுந்தவை. நான்காம் தளம் வந்தது. அதன் ஓரத்தில் தனியாக ஒரு படி இருந்தது. கால் வைத்தேன். தாங்கியது.

ஐந்தாம் தளத்தில் எங்கள் வீடு மட்டும்தான். தமயந்தி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். இன்ஹேலரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். மகள் உறிஞ்சினாள். மறுபடி உறிஞ்சினாள். விசில் மெலிந்து நின்றது. "அப்பா, உங்க சட்டையெல்லாம் சோப்பு," என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"எப்படி வழி விட்டாங்க?" என்று கேட்டாள் தமயந்தி.

"ஓட்டுக்கு ஒரு படின்னு பிரிச்சாங்க."

"நமக்கு எத்தன?"

"ஒண்ணு."

அவள் வெந்நீர் வைக்கிறேன் என்று சமையலறைக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

எங்கள் வீட்டில் ஓட்டு இரண்டு.