ரத்தக் குடில் கொலைகாரன்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் பதமாக வைக்கப்பட்டிருந்த முகமூடியை மோகனப்ரியா பிடுங்கி வாசலுக்கு வெளியே விட்டெறிந்தாள். அது ஷாமியானாவுக்கு அடியில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே போய் விழுந்தது. பஞ்சுத் தாடி, சிவப்புக் குல்லா, கன்னத்தில் வழிகிற மாதிரி பெயிண்ட் ரத்தம். கிறிஸ்துமஸ் தாத்தா! துக்கம் கேட்க வந்து உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அடக்க முடியாத ஒருவர் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

"எவன்டா அத்த எங்க நைனா மேல வெச்சது?"

எவன் வைத்தான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அருள்பிரகாசம் குனிந்து முகமூடியைப் பொறுக்கித் தூசி தட்டினான். கழுத்தில் கேமரா தொங்கியது. சாவு வீட்டுக்கு மாலையோடு வருவார்கள், இவன் கேமராவோடு வந்திருக்கிறான்.

"மரியாதைக்குத்தான் வெச்சேன் பாப்பா. தாஸு போட்ட ஒரிஜினல் இது. இத்தினி வருசமா பத்தரமா வெச்சிகினு கீறேன்."

"இத்த பத்தரமா வெச்ச. எங்க நைனாவ எப்டி வெச்ச? மரியாதையா கெளம்பிடு. இல்லனா கேமராவ ஒடச்சி கைல குடுத்துருவேன்."

அருள்பிரகாசம் ராயபுரத்தில் கல்யாணமும் மஞ்சள் நீராட்டும் வீடியோ எடுப்பவன். எடுத்துக்கொண்டே போயிருக்கலாம். மோகனப்ரியா ரெண்டாவது படிக்கும்போது அவனுக்கு சினிமாப் பித்து பிடித்தது. அதே கல்யாண கேமராவில், இதே தெருவில், 'ரத்தக் குடில்' என்று ஒரு படம் எடுத்தான். கிறிஸ்துமஸ் ராத்திரி பரிசு கொடுக்க வீடு வீடாக வரும் தாத்தா, கதவு திறந்தவர்களை எல்லாம் கொல்கிறான். அவ்வளவுதான் கதை. தாத்தா வேடத்துக்கு அவள் அப்பா யேசுதாஸைப் பிடித்தான். காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் உடைக்கிற ஆள், நல்ல உயரம். மாதா கோயிலிலிருந்து கேரல் பாடிக்கொண்டு போகும்போது வருசா வருசம் தாத்தா வேசம் கட்டுவது அவர்தான். ஐஸ் உடைக்கிற கம்பியை அவரே கம்பெனியிலிருந்து கொண்டுவந்தார்.

எந்தத் தியேட்டரும் அந்தப் படத்தை வாங்கவில்லை. சிடியாக வந்து பர்மா பஜார் நடைபாதையில் கிடந்தது. அதை டிசம்பர் வந்தால் டீக்கடை டிவியில் போட்டுவிடுவார்கள். கோயிலில் யேசுதாஸை அதற்கப்புறம் தாத்தா வேசம் கட்ட விடவில்லை. குழந்தைகள் அலறுகிறார்களாம்.

அதுகூடப் போகட்டும். படத்தில் சாகவேண்டிய சிறுமி ஷூட்டிங்குக்கு வரவில்லை. 'நம்ம பாப்பாவப் போட்டுக்கலாம்' என்று அருள்பிரகாசம் சொன்னான், யேசுதாஸும் தலையாட்டினார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் மோகனப்ரியாவுக்குப் பேரே இல்லை. அப்பன் அறுத்த பொண்ணு. பத்தாவது முடிக்கிறவரைக்கும் அதுதான் அவள் பேர்.

தொலையட்டும் என்று இருந்தால், இப்போது வெளிநாட்டில் எவனோ இந்த மாதிரிக் குப்பைகளையே தேடிப் பிடிக்கிறானாம். துடைத்துப் பளபளவென்று ஆக்கி, அடுத்த கிறிஸ்துமஸுக்குப் புது டிஸ்க்காக விடப்போகிறானாம்.

அருள்பிரகாசம் போகவில்லை. வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, அவளை விட்டுவிட்டு அவள் அம்மாவிடம் பேசினான்.

"தேவப்பிரியம், நீயாச்சும் கேளும்மா. படத்துல தாஸு கடைசிவரிக்கும் மொகமூடிய கழட்டமாட்டான். டைட்டில்லயும் கொலைகாரன்னு போட்டு கேள்விக்குறிதான் போட்டேன், சஸ்பென்ஸ் வோணும்னு. அவன் யாருன்னு அங்க அவ்ளோ பேரு கேக்கறாங்கோ. டிஸ்க்ல அவன் மொகத்த ஒரே ஒரு ஷாட் காட்டிட்டா..."

"பொணத்த காட்டி விக்கப்போறியா?" மோகனப்ரியா குறுக்கே வந்து நின்றாள். "தூ! உயிரோட இருந்தப்ப கேள்விக்குறி, செத்தப்பறம் மொகம் வோணுமா ஒனக்கு?"

"வுடுடி, எடுத்துக்கட்டும்" என்றாள் தேவப்பிரியம்.

ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். மோகனப்ரியா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா பேசற? புத்தி கீதா ஒனக்கு?"

"எனக்கு கீது. அந்த மீசையப் பாரு."

பார்த்தாள். காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தலை முழுக்க நரை, மீசை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. டை உதட்டுக்கு மேல் தோலிலும் ஒட்டியிருந்தது.

"ஞாயித்துக்கெழம பேட்டி எடுக்கறேன்னு அருளண்ணன் சொல்லிட்டு போச்சு. அன்னிலேர்ந்து இந்த மனுசன் கண்ணாடி முன்னாடியே நின்னுகினு இருந்துச்சு. நேத்து சலூனுக்கு போயி டை அட்ச்சிகினு வந்துச்சு. நெஞ்சு வலிக்குதுன்னு ஆட்டோல ஏத்தறப்பகூட, சட்டைய கசக்காத, அது ஞாயித்துக்கெழமைக்குனு சொல்லுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்கிட்டயா? நீ ஆடுவனு பயம்."

"ஆடுவேன்தான்! அந்த ஆளால நான் பட்டது ஒனக்கு இன்னா தெரியும்? மூஞ்சி காட்றாராம் மூஞ்சி. நான் உயிரோட கீறவரிக்கும் எவனும் எங்க நைனா மூஞ்சிய புடிக்கக்கூடாது. சொல்லிட்டேன்."

செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தாள். வீட்டுக்கு வீடு காகித ஸ்டார் தொங்கியது. முனையில், மீன் லாரி திரும்புகிற இடத்தில், ஏணி மேல் நின்று பகலவன் ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தான். ஃப்ளெக்ஸ் கடை அவனுடையதுதான். இந்த வட்டாரத்தில் யார் செத்தாலும் அவன் கேட்காமலே அடித்துக் கட்டிவிடுவான்.

'கண்ணீர் அஞ்சலி. யேசுதாஸ்.' அதற்கு மேலே, ஆள் உயரத்துக்கு, பஞ்சுத் தாடியும் பெயிண்ட் ரத்தமுமாக அந்த முகமூடி. மூலையில் இரண்டு புறா வேறு.

"டேய்! எறங்குடா கீழ!"

பகலவன் அவசரமாக இறங்கினான். "இன்னாக்கா?"

"இன்னாவா? எங்க நைனாவாடா இது? எங்க வூட்ல எழவு உழுந்தா ஒனக்கு நக்கலா கீதா?"

"ஐயோ, நக்கல்லாம் இல்லக்கா! சத்தியமா." அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஒங்கள தொல்ல பண்ணவோணாமேனு நெட்ல தேடனேன். இதான் வந்துச்சு. எங்க தேடனாலும் இதான் வருது, அவரு மூஞ்சி எங்கியுமே இல்ல. நீ ஒரு போட்டோ அனுப்புக்கா, ஒடனே மாத்திடறேன்."

"அனுப்பறேன். மொதல்ல அத்த கழட்டு."

போனை எடுத்துத் தள்ளினாள். அவள் கல்யாணம். திருவொற்றியூர் மாமியார் வீட்டுக்காரர்கள் யாராவது 'கொலைகாரன் வந்துட்டான்' என்று கிண்டல் செய்துவிடுவார்களோ என்று நைனாவை மேடைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். சாம்பார் வாளியோடு பந்திக்கு நடுவில் அவர் முதுகு தெரிந்தது. மகனுடைய ஞானஸ்நானம். பையன் சிரிக்கிறான், தூக்கிக்கொண்டிருக்கிற கைகள் மட்டும் நைனாவுடையவை. கழுத்துக்கு மேலே வெட்டியிருந்தாள். வேளாங்கண்ணி போனது. கடல் இருக்கிறது, அம்மா இருக்கிறாள், ஓரத்தில் ஒரு தோள். எல்லாம் அவளே ஒதுக்கியது, அவளே வெட்டியது. ஆதார் அட்டையில் ஒன்று உண்டு. அது யேசுதாஸ்தான் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

மறுபடியும் முதலிலிருந்து தள்ளிப் பார்த்தாள். பகலவன் கையில் கயிற்றோடு காத்துக்கொண்டிருந்தான்.

"இல்லடா" என்றாள்.

"ஒண்ணுகூடவாக்கா?"

"பேரு மட்டும் போட்டு கட்டு."

அவள் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் சவ வண்டி நின்றிருந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்து யேசுதாஸைச் சவப்பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். கோயிலில் ஃபாதர் காத்துக்கொண்டிருக்கிறார் என்று, சடங்கு நடத்த வந்த உபதேசியார் எல்லோரையும் விரட்டினார். ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனார்கள். தேவப்பிரியம் கடைசியாக வந்தாள். அவரது சட்டைக் காலரைச் சரிசெய்தாள், கத்தினாள், பெண்கள் தாங்கிக்கொண்டார்கள்.

"மூத்த புள்ள யாரு? வா, வந்து மொகத்த மூடு" என்றார் உபதேசியார்.

பெட்டியை ஆணியடிக்கும் முன் பிள்ளைகளில் மூத்தவர் கைக்குட்டையால் முகத்தை மூடவேண்டும். மூடிய முகத்தை அதன்பிறகு யாரும் திறக்கமாட்டார்கள். உபதேசியார் சென்ட் தெளித்த வெள்ளைக் கைக்குட்டையை அவள் கையில் கொடுத்தார்.

மோகனப்ரியா பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். ஐஸில் இருந்த உடம்பு வெளிக்காற்று பட்டதும் முகமெல்லாம் வியர்த்திருந்தது. மீசையிலிருந்து கறுப்பாக ஒரு கோடு உதட்டோரம் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டால் இந்த முகம் தனக்கு ஞாபகம் வருமா என்று யோசித்தாள். பஞ்சுத் தாடிதான் வந்தது. அவளுக்குப் பயமாகிவிட்டது.

"சீக்கிரம்மா" என்றார் உபதேசியார்.

"கொஞ்சம் இரு சார்." அவள் வாசலைப் பார்த்துக் கத்தினாள். "யோவ்! அங்க இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கற? வா இங்க."

அருள்பிரகாசம் சுவரோரமாக, கேமராவுக்கு மூடி போட்டு நின்றிருந்தான். திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து ஒரு எட்டு பின்னால் வைத்தான்.

"ஒன்னத்தான்யா. வந்து எடு."

"பாப்பா..."

"பேசாத. மொகத்த மட்டும் எடு. நாங்க அழுவறதெல்லாம் ஒனக்கு வோணாம். அந்த மொகமூடி கருமத்த இதுல காட்டக்கூடாது. பேரு போடணும், யேசுதாஸ்னு முழுசா. மறுபடி கேள்விக்குறி போட்டேன்னு வெய்யி, ஒன் ஸ்டூடியோவ கொளுத்திடுவேன். அத்தோட எனக்கு ஒரு காப்பி வோணும்."

அவன் தலையாட்டிக்கொண்டே கேமராவைத் தூக்கினான். அவன் கண் கலங்கியிருந்ததை அவள் கவனித்தாள். கலங்கட்டும், அதற்காக அவனை மன்னிக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை. சேலைத் தலைப்பால் நைனாவின் முகத்தை அழுந்தத் துடைத்தாள். வழிந்த கறுப்பை விரலால் வழித்து, மீசையின் இரண்டு பக்கத்தையும் ஒதுக்கிவிட்டாள்.

கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"பாப்பா, ஒன் நெழல் உழுது."

மோகனப்ரியா கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.