வளையம் இல்லாத சிவப்பு

கேக்கை நான்தான் வாங்கி வைத்தேன். நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் அப்படித்தான், சந்தோஷம் யாருக்கோ, செலவும் அவருக்கே. மத்தியானம் என் கட்டுரை பத்திரிகைக்குப் போகவேண்டும். அது வெளிவந்தால்தான் எனக்கு இந்த ஆய்வுக்கூடத்தில் வேலை நீடிக்கும்.

பிறந்த சில நாளில் எலிக்குஞ்சின் இதயத் தசைச் செல்கள் பெருகுவதை நிறுத்திவிடும். எங்கள் மருந்து அவற்றை விடாமல் பெருக வைக்கிறது என்பதுதான் கட்டுரை. பெருகும் செல்லின் உட்கருவில் சிவப்புச் சாயம் ஏறும். மருந்து கொடுத்த இதயத்தில் எங்கு பார்த்தாலும் சிவப்பு!

முந்தின நாள் பக்கத்து மேசை வீபே என் படத்தை எட்டிப் பார்த்தான்.

"யில்டூ, இந்தச் சிவப்பெல்லாம் தசையோடதுதானா? இல்ல, மேல ஏறிப் படுத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரனா?"

தசைக்கு நடுவே வேறு வகைச் செல்களும் நெருக்கியடித்துக் கிடக்கும். அவை சும்மாவே பெருகும்.

"உனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. காட்டறேன் பாரு" என்றேன். தசையின் உட்கருவைச் சுற்றி மட்டும் பச்சை வளையம் போடுகிற சாயம் ஒன்று உண்டு. அதையும் ஏற்றி வைத்துவிட்டுப் போனேன்.

காலையில் பார்த்தால் முக்காலே மூணுவீசம் சிவப்புக்கு வளையமே இல்லை. அப்படியென்றால் அவை தசையே அல்ல. நேரே எங்கள் தலைவர் ஹார்மெனிடம் போனேன்.

"இப்பப் போய் இதை யாரு பார்க்கச் சொன்னா?" என்று எரிந்து விழுந்தார். "அந்தச் சாயம் சில சமயம் சரியா ஏறாது."

"சிவக்காத தசைக்கெல்லாம் பளிச்சுன்னு ஏறியிருக்கே. சிவந்ததுக்கு மட்டும் மாட்டேன்னு சொல்லுமா?"

"ஜூன்ல உன் ஒப்பந்தம் முடியுது. தெரியும்ல?"

"தெரியும். அனுப்பறதுன்னா என் பேரை எடுத்துட்டு அனுப்புங்க." கண்ணாடித் தகட்டை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தார். ஒவ்வொரு உட்கருவாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கடைசியில், "அனுப்ப வேண்டாம்" என்றார்.

கேக்கை எடுத்து வெட்டினேன்.

"எதுக்கு இது? துக்கத்துக்கா?" என்றான் வீபே.

"வாங்கினது வாங்கியாச்சு. தின்னு."

ஹார்மென் நின்றபடியே தின்றார். "வளையத்தோட சிவந்தது கொஞ்சம் இருக்கே, மருந்து கொடுக்காத இதயத்துலயும் அவ்வளவு இருக்கா? இல்லேன்னா மருந்து கொஞ்சமாவது வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அந்த இதயத்துக்கு நான் பச்சைச் சாயம் ஏற்றியிருக்கவில்லை. பாதித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கையுறையை மாட்டினேன்.