துரை ஆடிய முதல் பந்து

பந்துக்குள் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். உருண்டால் கலகலவென்று சத்தம் கேட்கும், நின்றுவிட்டால் ஊமை. பார்வையில்லாதவர்கள் ஆடும் கிரிக்கெட்டில் அந்தச் சத்தம்தான் கண். மைதானத்து ஓரத்தில் தடுப்பு வலை இல்லாததால், பிரேமினியின் குழு அடித்த பந்தெல்லாம் சரிவில் இறங்கித் தேயிலைக்குள் ஊமையாகிவிட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் போனால் ஆட்டமே இல்லை.

பிரேமினி பந்து வீசுபவள் மட்டுமல்ல, ஹட்டனிலிருந்து வரும் இணையச் செய்திப் பக்கத்துக்கு விளையாட்டு நிருபரும் அவள்தான். வலை போட்டுத் தருகிறேன் என்று தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை போன வருஷம் மேடையில் சொன்னார். அது என்னாயிற்று என்று கேட்க அவள் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள்.

"தொர வெளிய போயிட்டாங்கம்மா" என்பார் கணக்கெழுதும் கிளாக்கர். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் துரையின் தோல் சப்பாத்து நடக்க நடக்கக் கிறீச்சிடும். கண் தெரியாத பிள்ளைக்கு இந்தப் பொய்யே போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

இந்த வருஷப் போட்டிக்குப் பிரதம விருந்தினராகத் துரையைக் கூப்பிட்டதே பிரேமினிதான். முதல் பந்தை விருந்தினர் ஆடுவது வழக்கம். கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும் என்பதை மட்டும் அவர் மட்டையைப் பிடித்த பிறகு சொன்னாள்.

கறுப்புத் துணியோடு துரை நின்றார். விக்கெட்டுக்குப் பின்னால் குழுவின் அரைப்பார்வைக்காரி நிஷாந்தி போனை நீட்டிப் பிடித்தாள். நேரலை.

"ரெடியாங்க தொர?" என்று கேட்டாள் பிரேமினி.

"ரெடி, ரெடி. போடும்மா."

"அதுக்கு முன்னாடி நிருபரா ஒரு கேள்விங்க. வலை எப்ப வரும்?"

"அதெல்லாம் ஆபீஸ்ல வந்து பேசிக்கலாமே."

"ஆபீஸ்ல நீங்க இருக்க மாட்டீங்களே."

லயத்து வீடுகளிலிருந்து பார்க்க வந்த சனம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு எந்தப் பக்கம் என்று பிடிபடாமல் துரை தலையை அங்குமிங்கும் திருப்பினார்.

"அவசரமில்லைங்க. யோசிச்சுச் சொல்லுங்க, நான் நிக்கிறேன்."

கண்ணைக் கட்டி நடுமைதானத்தில் விட்டால் எவ்வளவு நேரம்தான் நிற்பது?

"சரிம்மா, இந்தக் கிழமையே, ஞாயித்துக்குள்ள போட்டுத் தர்றேன். பந்தப் போடு."

பந்து கலகலத்து உருண்டது. துரை குத்துமதிப்பாக வீசிய மட்டையில் எப்படியோ பட்டுவிட்டது. சத்தம் பிரேமினியைத் தாண்டிச் சரிவில் இறங்கியது. அப்புறம் ஒன்றுமில்லை.

"அது கடைசிப் பந்துங்க தொர" என்றாள்.

துரை கண்கட்டை அவிழ்த்தார். "யாராவது போய் எடுத்துட்டு வாங்கப்பா."

"அடிச்சவங்களே தேடுறதுதான் நம்ம மைதானத்து வழக்கம்" என்றாள் நிஷாந்தி. "லைவ்ல ஊரே பாக்குதுங்க."

அரைக்கால்சட்டையோடு துரை தேயிலைக்குள் இறங்கினார். வெகுநேரம் கழித்துக் கலகலப்பு மேலே ஏறி வந்தது. கூடவே காலைச் சொறியும் சத்தமும். நிஷாந்தி பிரேமினியின் காதில் ஏதோ குசுகுசுத்தாள்.

பிரேமினி போனை வாங்கிச் செய்தியை முடித்தாள். "தொர அடிச்சது ஒரு ஃபோர். அட்டை கடிச்சது மூணு எடம். வலை இந்தக் கிழமை."

சொன்னபடியே வலை வந்தது. நன்றி சொல்ல அவள் ஆபீசுக்குப் போனாள்.

"தொர வெளிய போயிட்டாங்கம்மா."

கதவுக்குப் பின்னால் சப்பாத்து கிறீச்சிட்டது.

"பரவாயில்லைங்கையா" என்றாள் கதவுக்கும் கேட்கும்படி. "அரைப்பார்வைப் பிள்ளைங்களுக்கு மைதானத்துல வெளிச்சம் பத்தலை. அடுத்த மேட்சுக்கும் மொதப் பந்து தொரதான்னு சொல்லிடுங்க."

சப்பாத்து ஊமையானது.