நானூற்றுப் பன்னிரண்டு தடவை

சிநேகிதன் பாலாஜியின் கண்ணீர் அஞ்சலி பேனரைக் காசிதான் டிசைன் செய்தான். வேறு யார் செய்வார்கள்? தேரடித் தெருவுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஃபிளக்ஸ் கடையில் பதினோரு வருஷமாக அவன்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கட்சிக்கூட்டம், சாவு, எதற்குக் கேட்டாலும் அவனிடம் ஒரு மாதிரி தயாராக இருக்கும். முந்தின வாரம் இறந்துபோன ஒரு ரிடையர்டு வாத்தியாரின் படத்தை எடுத்துவிட்டு அதே வட்டத்துக்குள் பாலாஜியை வைத்தான். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள் போட்டான். முப்பத்தேழு வயசு. முகத்தில் வெளிச்சம் கம்மியாக இருக்கிறதென்று கொஞ்சம் ஏற்றினான். நாலு பேனர். பிரிண்டுக்கு அனுப்பிவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்தான். அழுகை வரவில்லை.

வரும், வரும் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேலை பார்த்த உரக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பாலாஜி. அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. அடி அண்ணாமலையில் அவன் வீட்டுக்குப் போய், பாடைக்குத் தோள் கொடுத்து, குளித்துவிட்டுத் திரும்பியதுவரை எல்லாவற்றையும் காசி ஒழுங்காகச் செய்தான். உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல நடுநடுவே தன்னைத் தானே கிள்ளிப் பார்த்தான். ஒன்றும் உறைக்கவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று யாராவது சொல்லியிருந்தால்கூட அவனுக்குக் கோபம் வந்திருக்காது.

ஐந்தாம் நாள் பாலாஜியின் மனைவி தேவிப்ரியா போன் செய்தாள்.

"அண்ணா, காரியத்தன்னிக்குப் பந்தல்ல பெரிய ஸ்க்ரீன் வெக்கிறாங்களாம். அவரு போட்டோவெல்லாம் போட்டு ஒரு வீடியோ பண்ணிக் குடுங்கண்ணா. பின்னாடி அவருக்குப் புடிச்ச பாட்டா ஒண்ணு போடுங்க. எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"சரிம்மா, பண்ணிட்றேன்" என்றான் காசி.

இப்போதெல்லாம் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாப்பாடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்க்ரீன் இருந்தாக வேண்டும். பாட்டு மட்டும் தப்பாகிவிட்டால் வந்தவர்கள் வருஷக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் காசிக்கு ஊர்வாய் பெரிதல்ல. பாலாஜிக்குக் கடைசியாகச் செய்யப்போவது இந்த ஒன்றுதான். இதையாவது சரியாகச் செய்யவேண்டும். அந்தச் சரியான பாட்டைக் கேட்டால் தனக்கும் அழுகை வந்துவிடும் என்று ஓர் ஓரமாக நம்பினான்.

எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும் என்று அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பதினாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் காசி, பாலாஜி, சுரேஷ்குமார் மூன்று பேரும் செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டி இருக்கும் ஒரு காபிக் கடையில் கூடுவார்கள். பக்கத்து மேசைகளில் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி மௌனத்தில் இருப்பார்கள். இவர்கள் மூன்று பேரும் பாட்டுக் குழுக்களைப் பற்றிச் சண்டை போடுவார்கள். கடைக்காரி ராணியம்மாள் எத்தனையோ தடவை, "மெதுவா பேசுங்கப்பா, சாமியாருங்க ஓடிப்பூடப் போறாங்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டாள்.

காசிக்குத் 'தகரக்கூரை'தான் உயிர். மூன்று கிடார், ஒரு டிரம்ஸ், கரகரத்த குரலில் ஒருத்தன். அவர்களின் 'ஏழாம் நம்பர் பஸ்' மாதிரி ஒரு பாட்டு தமிழில் வரவில்லை, வரப்போவதுமில்லை என்பது அவன் கட்சி. பாலாஜிக்குக் 'கிணத்தடி பிரதர்ஸ்'. கிடார் கிடையாது, கீபோர்டு கிடையாது. இரண்டு மேளமும் நாலு தொண்டையும்தான்.

"இன்னாடா பாட்டு அது? நாலரை நிமிஷப் பாட்டுல ரெண்டு நிமிஷம் கிடாரை வெச்சிக்கினு வழி தெரியாம சுத்துறான். பஸ்ஸு ஸ்டாண்டுக்கே வந்து சேரல!" என்பான் பாலாஜி.

"உன் ஆளுங்க மட்டும்? அறுவடை முடிஞ்சி களத்துல கத்துற மாதிரி இருக்குது" என்பான் காசி.

ஸ்கூல் பஸ் ஓட்டும் சுரேஷ்குமாருக்கு எந்தக் கட்சியும் இல்லை. அந்த வாரம் எது ஓடுகிறதோ அதுதான் அவன் பாட்டு. "ரெண்டு பேரும் பழைய பஞ்சாங்கம்டா. இப்ப யாரு முழுப் பாட்டு கேக்குறான்? என் பஸ்ல வர்ற புள்ளைங்களுக்கு எந்தப் பாட்டுலயும் முப்பது செகண்டுதான் தெரியும். அந்த முப்பது செகண்டை அஞ்சு கிலோமீட்டர் பாடுதுங்க" என்பான்.

அவன் சொன்னது பொய்யில்லை. பஸ் ஸ்டாண்டு மொபைல் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்ற வரிசையில் நின்ற காலத்தில் ஆரம்பித்த சண்டை இது. அந்தக் கடையில் இப்போது பானிபூரி விற்கிறார்கள். தகரக்கூரை பாடகன் சோப்பு விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கப் போய்விட்டான். கிணத்தடி பிரதர்ஸில் ஒருத்தன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான். இரண்டு குழுவுமே கலைந்து வருஷக்கணக்காகிறது. சண்டை மட்டும் கலையவில்லை. காசிக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பாலாஜியின் முயலுக்குக் காலே கிடையாது.

பாலாஜி இல்லாத முதல் ஞாயிற்றுக்கிழமை, மற்ற இரண்டு பேரும் போனார்கள். ராணியம்மாள் பழக்கதோஷத்தில் மூன்று காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்றைத் திருப்பி எடுத்துப் போனாள்.

"கிணத்தடில ஏதாவது ஒண்ணு போட்டுடு. அவ்ளோதான்" என்றான் சுரேஷ்குமார்.

"ஏதாவது ஒண்ணுன்னா? முப்பது பாட்டு இருக்குது. எதுடா அவனுக்கு ரொம்பப் புடிக்கும்?"

சுரேஷ்குமார் யோசித்தான். காசியும் யோசித்தான். பதினாலு வருஷத்தில் பாலாஜி எதையெல்லாம் திட்டினான் என்று இருவராலும் வரிவரியாகச் சொல்ல முடிந்தது. எந்தப் பாட்டைக் கேட்டு அவன் நெஞ்சு நெகிழ்ந்தான் என்பது தெரியவில்லை. காபி ஆறிப்போனது. சண்டை போட ஆள் இல்லாமல் அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டார்கள்.

அன்று மாலை காசி அடி அண்ணாமலைக்குப் போனான். போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லித் தேவிப்ரியா பாலாஜியின் போனைக் கொடுத்தாள். போட்டோக்களை ஏற்றிக்கொண்டபிறகு பாட்டுப் பகுதியைத் திறந்தான். ஆன்லைனில் கேட்பதெல்லாம் வாடகைச் சைக்கிள் என்று சொல்லி, பாலாஜி கடைசிவரை பாட்டுகளை மெமரி கார்டில்தான் வைத்திருந்தான். எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்று அந்தப் போன் கணக்குக் காட்டும்.

முதலிடத்தில் 'ஏழாம் நம்பர் பஸ்'. நானூற்றுப் பன்னிரண்டு தடவை.

இரண்டாவது இடத்தில் கிணத்தடி பாட்டு ஒன்று, அறுபத்து மூன்று தடவை.

காசி இரண்டு முறை பார்த்தான். அப்புறம், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவனுக்குள் ஏதோ அசைந்தது. துக்கமா என்றால் இல்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷம்! திருட்டுப் பயலே, வெளியில் திட்டிவிட்டு உள்ளுக்குள் இதைத்தானா கேட்டுக்கொண்டிருந்தாய்? செத்தவன் வீட்டில், அவன் படத்துக்கு ஏற்றிய விளக்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு காசிக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது. இரண்டும் சீக்கிரமே போய்விட்டன. தேவிப்ரியாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஜெயித்தவன் எங்கே கேட்பான்?

சுரேஷ்குமாரிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. "அவனா? அந்தப் பாட்டையா?" என்றான். காசி எண்ணிக்கையைச் சொன்ன பிறகுதான் நம்பினான்.

வீடியோ தயாரானது. நாற்பத்தோரு போட்டோ. காலேஜ் மீசை, கல்யாண மாலை, உரக்கடை கல்லா, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிரிவலம். கிடார் தொடங்கும் இடத்தில் மகள் படம் வருகிற மாதிரி அளந்து வைத்தான். தொழில் சுத்தமாக இருந்தது. போட்டுப் பார்த்தான். அழுகை வரவில்லை. பந்தலில் எல்லோரோடும் சேர்ந்து பார்க்கும்போது வரும் என்று நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை காரியம். படையல் முடிந்து, பந்தியில் இலை போடும் நேரத்தில் ஸ்க்ரீனில் வீடியோ ஓடத் தொடங்கியது. பாலாஜியின் அம்மா ஆராயி முதல் படத்தைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கிடார் தொடங்கியது. மகள் படம் வந்தது. தேவிப்ரியா சட்டென்று திரும்பிக் காசியைத் தேடினாள். எழுந்து, பந்தல் கால் ஓரமாக நின்றிருந்தவனிடம் வந்தாள்.

"அண்ணா, இந்தப் பாட்டா போட்டீங்க?"

"ஏன்மா? இதுதான் அவன் ஜாஸ்தி கேட்டிருக்கான். போன்லயே இருந்துச்சே. நானூத்திப் பன்னெண்டு தடவை."

"கேப்பாரு. சனிக்கிழமையானா கேப்பாரு. ஆனா அவருக்கு இது ஆகவே ஆகாதுண்ணா." அவள் குரலில் கோபம் இல்லை. "நாளைக்குக் காசிகிட்ட சண்ட போடணும், எங்கயாச்சும் ஓட்டை கெடைக்குதா பாக்குறேன்னு சொல்லுவாரு. இந்தக் கிடார் வர்ற எடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டு எங்க உயிர வாங்குவாரு. கொழந்தகூட காதப் பொத்திக்கும்."

ஸ்க்ரீனில் கிடார் இன்னும் முடிந்திருக்கவில்லை.

"கடைசி சனிக்கிழமைகூட போட்டாரு. திடீர்னு கையத் தட்டி, 'மாட்டிக்கினான்டி காசி! இனிமே இந்தப் பாட்டைப் பத்தி அவன் வாயே தொறக்க மாட்டான்'னு ஒரே சிரிப்பு. அப்புறம்தான், அடச்சே, நாளைக்குப் பௌர்ணமியாச்சேன்னாரு."

பௌர்ணமியன்று செங்கம் ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டமாக இருக்கும். அன்று மட்டும் மூன்று பேரும் கூடுவதில்லை. அந்த ஞாயிறும் கூடவில்லை. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று பாலாஜி இருந்திருப்பான். நடுவில் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

"என்ன கண்டுபுடிச்சான்மா?" என்று கேட்டான் காசி.

"எனக்குத் தெரியாதுண்ணா. நானும் கேட்டேன். உன்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது, அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னுட்டாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மாமியாரிடம் போய்விட்டாள்.

சுரேஷ்குமார் பக்கத்தில் வந்து, "மாத்திடலாமாடா? என் போன்ல கிணத்தடி பாட்டு இருக்குது" என்றான்.

"வேணாம். ஓடட்டும்."

பந்தியில் பச்சடி பரிமாறிக்கொண்டு போனார்கள். வீடியோ முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. காசி படங்களைப் பார்க்கவில்லை. பாட்டை மட்டும் கேட்டான். எங்கே ஓட்டை? தாளம் எங்காவது நழுவுகிறதா? கிடார் வேறெங்கிருந்தாவது சுட்டதா? மூன்றாவது முறை ஓடியது. வாயில் விரலை வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவன் மாதிரி கேட்டான். அவன் காதுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. பதினாலு வருஷம் ரசித்த காது, அதற்குக் குற்றம் கேட்குமா? அதற்குப் பாலாஜியின் காது வேண்டும்.

"சாப்பிட வாடா" என்று சுரேஷ்குமார் கையைப் பிடித்து இழுத்தான்.

"இருடா, இன்னொரு தடவ வரட்டும்."

நாலாவது முறை ஓடியது. கண் அப்போதும் காய்ந்துதான் இருந்தது. பாலாஜி சொல்லவந்தது சரியாகத்தான் இருக்கும் என்று காசிக்கு முதல் தடவையாகத் தோன்றியது. ஒத்துக்கொள்ளக்கூட அவன் தயாராக இருந்தான். யாரிடம் ஒத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.